முந்திரிக்காட்டுப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஊற

அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் வட்டாரத்தில் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் பாதி ஊர் முந்திரிக் கொல்லையில்தான் கிடக்கும். விடியுமுன் கூடையோடு கிளம்பி, உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கி, நுனியில் தொங்கும் கொட்டையைத் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டு, பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவோம். கொட்டைக்கு வியாபாரி வருவார். பழம் ஆட்டுக்கும் எறும்புக்கும். அப்படி மண்ணில் விட்டு வரும் பழத்தில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்கு. பிறகு அதே வாரத்தில், "புள்ளைக்கு ரத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் மாதுளை விலை கேட்டுக்கொண்டு நிற்போம்.

பிள்ளைகளை நோயில்லாமல் வளர்ப்பது என்று எடுத்தால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதியை ரத்தசோகைக்கே கொடுத்திருக்கிறோம். காரணம் எளிது: 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். ஐந்தில் மூன்று பிள்ளைக்கு இருக்கிற குறை என்பதாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை. எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

ரத்தசோகைக்குத் தேவையான மருந்தும் உணவும் பெரும்பாலும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், பாதிக்கு மேல் இலவசமாகவே கிடைக்கின்றன. எதை எதோடு, எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி

பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறி இருந்தால் சந்தேகம். உள்ளங்கை ரேகை, நகம், நாக்கு இவற்றையும் உங்கள் கையோடு வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் உங்களுக்கே ரத்தம் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே வெளுப்பாகத்தான் தெரியும். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.

இன்னொரு அடையாளம் இருக்கிறது. பிள்ளை சாக்பீஸ் தின்கிறதா, சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டுகிறதா, விபூதியை அள்ளி வாயில் போடுகிறதா, உலைக்கு எடுத்து வைத்த அரிசியைப் பச்சையாக மெல்கிறதா? "வயித்துல பூச்சி, அதான் மண்ணு திங்குது" என்று அப்பாயி சொல்வார். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அதட்டினாலும் அடித்தாலும் நிற்காது. இரும்புச்சத்து ஏறினால் தானாக விட்டுப்போகும். மண் தின்பதால் பூச்சியும் சேர்ந்துகொள்ளும் என்பதால் அப்பாயி சொன்னதிலும் பாதி உண்மைதான்.

பள்ளியில் மூன்றாவது பீரியடிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் பெண், கபடியில் முதல் ஆளாக வெளியே வந்து உட்காரும் பையன் என எல்லாரையும் சோம்பேறி என்று திட்டுமுன் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுவது நல்லது.

ரத்தம் எங்கே போகிறது

கொல்லைக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு ஒரு தனி எதிரி. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். நிழலும் ஈரமும் உள்ள மணற்பாங்கான மண் கிடைத்தால் பொரித்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் தோலைத் துளைக்கும் புழுவாகிவிடும். மழைக்காலத்து முந்திரி மரத்தடி அதற்கு நல்ல வாகான இடம். வெறுங்காலோடு போகும் பிள்ளையின் பாதத்தில் நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கடித்துக்கொள்ளும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது மிகச் சொற்பம். ஆனால் ஒரு வயிற்றில் நூற்றுக்கணக்கில் இருந்து, மாதக்கணக்கில் குடித்தால் கணக்கு வேறு.

ஆகவே கொல்லைக்குப் போகும்போது செருப்பு கட்டாயம். பெரியவர்கள் போட்டுக்கொண்டு பிள்ளைகளை வெறுங்காலோடு விடுகிற வழக்கத்தை மாற்றுங்கள். பாம்புக்கும் முள்ளுக்கும்கூட அது பாதுகாப்பு. வீட்டில் கழிப்பறை கட்டி அதில் விறகும் உரமூட்டையும் அடுக்கி வைத்திருந்தால், அந்த மூட்டையை வெளியே எடுத்துப் போடுவதே உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் முதல் வைத்தியம்.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேதிகளை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியிலும் பால்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒன்று முதல் 19 வயது வரை எல்லாருக்கும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை, மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் முழு மாத்திரை. மென்றுதான் விழுங்க வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட்டு, விடுபட்டோருக்குக் கொடுக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். கல்லூரிக்குப் போகாமல், பள்ளியையும் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் 16, 17 வயதுப் பிள்ளைகள்தான் வழக்கமாக விட்டுப்போகிறார்கள். அவர்களுக்கும் பால்வாடியில் கேட்டு வாங்கலாம்.

அடுத்த திருடன் டீ. விடிந்ததும் அம்மா குடிக்கும் டம்ளரில் இருந்து ஒரு வாய் என்று ஆரம்பித்து, நாலு வயதில் தனி டம்ளர் வந்துவிடுகிறது. டீயோடு பன்னோ வருக்கியோ. அதோடு காலைச் சாப்பாடு முடிந்தது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். டீயை அடியோடு நிறுத்து என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் அந்தத் தனி டம்ளரே வேண்டாம்.

ஒரு வயதுக் குழந்தைக்கு அழும்போதெல்லாம் பால் புட்டியை வாயில் வைத்து, சோறு ஊட்டாமல் விடுவதும் இதே பலனைத்தான் தரும். பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று நர்சம்மா சொன்னால் அம்மாக்கள் நம்புவதே இல்லை.

நீல மாத்திரையும் இளஞ்சிவப்பு மாத்திரையும்

10 முதல் 19 வயது வரை வாரம் ஒரு நீல மாத்திரை. அதில் இரும்புச்சத்து 60 மில்லிகிராம். 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, 45 மில்லிகிராம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி சிரப். இரண்டு மாத்திரையிலும் சிரப்பிலும் போலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். மாணவர்களுக்குப் பள்ளியிலும், சின்னக் குழந்தைகளுக்கும் பள்ளிக்குப் போகாத பெண்களுக்கும் கிராம சுகாதார செவிலியர், பால்வாடி வழியாகவும் வரும்.

வருகிறது, உள்ளே போகிறதா என்பதுதான் சங்கதி. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்து, ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் வேலி ஓரம் துப்பிவிடும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. காலையில் சாப்பிடாமல் வந்த வயிற்றில் அந்த மாத்திரை விழுந்தால் குமட்டும், சில பேருக்கு வாந்தி வரும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே துப்பும். வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு: மாத்திரை நாளில் காலையில் பட்டினியாக அனுப்பாதீர்கள், மலம் கறுப்பாகப் போகும், அதில் பயமில்லை என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். பகலில் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் செவிலியரைக் கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடும்படி மாற்றிக்கொள்ளலாம். பாலோடும் டீயோடும் விழுங்க வேண்டாம். ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் நல்ல துணை.

ரத்தம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டால் வாரம் ஒரு மாத்திரை போதாது. தினமும் எத்தனை, எத்தனை மாதம் என்று மருத்துவர் எழுதித் தருவார். எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன காலம் வரை கொடுங்கள். உடம்பில் சேமிப்பு ஏற அது வேண்டும். மாத்திரை டப்பாவை மட்டும் சின்னக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து மொத்தமாக விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தட்டில் என்ன

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். இரண்டிலும் இரும்புச்சத்து சொற்பம். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குச் செலவழிக்கும் காசில் வேறு என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி கேளுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு நம் பாட்டிகள் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்த ஆட்டு மண்ணீரல்தான் அது. ஈரலும் ரத்தப் பொரியலும் அதே வரிசை. இவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையில் உள்ளதை அவ்வளவு சுலபமாக எடுக்காது. இந்த உணவில் டீயின் வேலையும் பெரிதாகப் பலிக்காது. வாரம் ஒரு நாள், சின்னப் பிள்ளைக்கு இரண்டு மூன்று துண்டு போதும். நன்றாக வெந்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: ஈரலை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வைத்துவிட்டு, குழம்பை மட்டும் பெண்பிள்ளைக்கு ஊற்றாதீர்கள். மாதாமாதம் ரத்தம் இழப்பவள் அவள்தான்.

சைவ வீட்டுக்குக் கம்பு, கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, எள், கீரை வகை. இவற்றில் உள்ள இரும்புக்குத்தான் வைட்டமின் சி துணை வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியதும் எலுமிச்சை பிழிவது, கம்பங்கூழுக்கு மாங்காய்த் துண்டு, பயற்றுச் சுண்டலோடு ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய் என ஏதோ ஒன்று அதே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். மதியம் கீரை, சாயங்காலம் கொய்யா என்றால் பலன் குறைவு.

இங்கேதான் முந்திரிப்பழம் வருகிறது. காறல் இருப்பதால் பிள்ளைகள் வேண்டாம் என்பார்கள். அடிபடாத, நன்றாகப் பழுத்த பழமாக மரத்தடியில் அன்றன்றைக்கு எடுங்கள். ஒரு நாள் தாண்டினால் புளித்துவிடும். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைக் கழுவி, இரண்டு முனையையும் வெட்டி எறிந்து, வட்ட வட்டமாக நறுக்கி உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் காறல் தணியும். மிளகாய்த்தூள் தூவி மதியச் சோற்றோடு வைத்தால் மாங்காய்போல் ஓடிவிடும். சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பழைய சட்டையைப் போட்டு உட்கார வையுங்கள்.

முந்திரிப் பருப்பையே எடுத்துக்கொண்டால், நாம் விளைவிக்கிறோம், விற்கிறோம், நம் பிள்ளை கல்யாண வீட்டுப் பாயசத்தில்தான் அதைப் பார்க்கிறது. விற்க வேண்டிய சரக்கைத் தின்னக் கொடு என்று எழுதுவது எளிது. கடன்காரனுக்கு யார் பதில் சொல்வது? அதனால் வேர்க்கடலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஒரு முட்டை அளவுக்குப் புரதம் இருக்கிறது. வேகவைத்த கடலை, கடலை உருண்டை, எள்ளுருண்டை இவற்றில் ஏதாவது ஒன்று பிள்ளையின் டப்பாவில் இருந்தால் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு இடம் குறையும். ஐந்து வயதுக்குக் கீழே கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கும், பொடித்துக் கொடுங்கள். கால் லிட்டர் கலர் பாட்டிலில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை இருக்கும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.

பள்ளி தருவதை வீட்டுக் கணக்கில் சேருங்கள். 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை, 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவு என்று இந்தத் தட்டு நிறைய அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. "எங்க புள்ள சத்துணவெல்லாம் சாப்பிடாது" என்று பெருமையாகச் சொல்லி எலுமிச்சைச் சோறு கட்டிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை வாரத்துக்கு ஐந்து முட்டை இழக்கிறது. டப்பா கொடுங்கள், முட்டையை வாங்கிக்கொள்ளவும் சொல்லுங்கள்.

பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று சடங்கு முடியும்வரை தாங்குகிறோம். அந்தச் சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை; சடங்கு முடிந்த மறுநாள் நிறுத்துவதுதான் குறை. வாரத்தில் இரண்டு நாளாவது அது தொடரட்டும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மணிக்கு ஒரு தரம் நாப்கின் மாற்றவேண்டி வந்தாலோ, எத்தனை களி கிண்டினாலும் ஈடாகாது, மருத்துவரிடம் காட்டுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்: தனக்கே ரத்தம் போதாத உடம்பு இன்னோர் உயிரையும் சுமக்க வேண்டியிருக்கும். 1098க்குப் போன் செய்தால் யார் சொன்னது என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

கொல்லையில் கவனம்

முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலை வேகவைத்துவிடும். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உதடு வெந்துபோகும் பிள்ளைகளை சீசனுக்குச் சீசன் பார்க்கிறோம். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முந்திரி உடைப்பது குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற வேலை. லீவு நாள்தானே என்று பிள்ளையை உடைக்க உட்கார வைக்காதீர்கள். வறுக்கும் புகைக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைத் தொட்டில் கட்டிப் போடவும் வேண்டாம்.

பூப்பூக்கும் காலத்தில் முந்திரியைத் தாக்கும் கொசுப்பூச்சிக்கு மருந்தடித்தால், அந்தக் கொல்லைக்குள் சில நாள் பிள்ளைகளை விடாதீர்கள். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு வானிலிருந்து எண்டோசல்பான் பூச்சிமருந்தைத் தெளித்து மக்கள் பாதிக்கப்பட்ட கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்; 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. இன்று அடிப்பவை வேறு மருந்துகள். அதற்காக மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. ஓட்டை போட்டு எறிந்துவிடுங்கள்.

சின்னக் குழந்தை, ஊசி, மற்றவை

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறு, பருப்பு, நெய், மசித்த முட்டை என்று ஆரம்பித்துவிடுங்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு அந்த வயதில் தீரத் தொடங்கும். பால்வாடியில் தரும் சத்துமாவு மாட்டுத் தொட்டிக்குப் போகாமல் கொழுக்கட்டையாகவோ கஞ்சியாகவோ பிள்ளைக்குப் போகட்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை மேற்கையின் நடுச்சுற்றளவை நாடாவால் அளப்பார்கள்: 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை. கடுமையாக எடை குறைந்த ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தரும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பரில் நம் மாவட்டத்து வாரணவாசியில்தான் தொடங்கியது. எடை பார்க்கும் நாளில் குழந்தையைக் கொண்டுபோனால்தான் அந்தப் பெட்டகத்துக்குக் கணக்கில் வருவீர்கள்.

ஊசி புதன்கிழமை. பிறந்ததும், பிறகு ஆறு, பத்து, பதினாலு வாரத்தில், ஒன்பது மாதத்தில், ஒன்றரை வயதில், ஐந்து வயதில். அங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறோம்; 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி உண்டு. 14 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடப்படும் என்று தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் பெண்ணுக்கு எப்போது என்று செவிலியரைக் கேளுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கண், பல், காது, இதயம் எல்லாம் பார்க்கும். அந்த நாளில் லீவு போட வேண்டாம். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை தானாகச் சொல்லாது. தெரியாததுதான் இயல்பு என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும்

சீட்டில் ஹீமோகுளோபின் என்றோ எச்.பி. என்றோ எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 11, ஐந்து முதல் 11 வயதுக்கு 11.5, 12 முதல் 14 வயதுக்கும் அதற்கு மேற்பட்ட பெண்களுக்கும் 12, 15 வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு 13. இதற்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஐந்து வயதுக்கு மேல் 8க்குக் கீழே, அதற்குச் சின்னப் பிள்ளைக்கு 7க்குக் கீழே வந்திருந்தால் கீரையும் சுவரொட்டியும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, முகமும் காலும் வீங்கியிருந்தாலோ பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், 108. போகும்போது பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மாத்திரையின் வெற்று அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறவில்லையென்றால் காரணம் வேறாக இருக்கலாம். அதை மருத்துவர் தேட அந்த மூன்றும் தேவைப்படும்.